செங்கமலிக்கு மறுத்த ஓய்வு

தலைமை தாங்கித் தலைநிமிர்ந்து அமர்ந்திருக்கும் ஐயா சென்னியப்பன் அவர்களே! வெயிலில் நடந்துவந்து, முந்தானையால் விசிறிக்கொண்டிருக்கும் முன்வரிசைத் தாய்மார்களே! தையல் தோழியரே, கட்டிங் கண்மணிகளே, செக்கிங் செல்வங்களே! தெற்கே பிறந்து பிழைக்க வந்தவர்களே, வந்தவர்களுக்கு வாசல் திறந்த நல்லூர் நல்லோரே! கரண்ட் போவதற்குள் முடித்துவிடு என்று கண்ணாலேயே கட்டளையிடும் மைக்செட் சகோதரரே! அனைவருக்கும் ஓவர்லாக் தையல்காரி வேல்விழியின் வணக்கம்.

நம் படிப்பகத்தின் ஆண்டு விழாவில் எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, ‘பாத்திரம் படைப்பது எப்படி’. சென்ற ஆண்டு நாங்கள் நிறுத்திவிட்ட பகடை விளையாட்டை நம் பிள்ளைகள் மறுபடி தொடங்கப்போகிறார்களாம். விதிகளைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போ என்று அழைத்தார்கள். சொல்கிறேன். ஆனால் சிரிக்கச் சிரிக்கச் சொல்ல என்னால் ஆகாது.

ஒரு நிமிடம். முன்வரிசையில் அந்தோணிராஜ் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். தலைவர் என் பக்கம் குனிந்து, “தம்பிய எழுப்பி உடட்டுங்களா கண்ணு?” என்று கேட்கிறார். வேண்டாம் ஐயா. நேற்றுக் காலை எட்டரைக்கு மெஷினில் உட்கார்ந்தவர், இன்று விடிந்த பிறகுதான் எழுந்தார். அவர் தூங்கட்டும். நான் அவருடைய மனைவி ரோஸ்மேரியைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

எங்கள் கம்பெனிக்கு ஒரு முறை கறுப்பு டீ-ஷர்ட் ஆர்டர் வந்தது. நெஞ்சில் நெருப்புக் கக்கும் டிராகன். ஏதோ ஒரு நாட்டில் விளையாட்டுப் பிரியர்கள் கூடும் திருவிழாவுக்காம். பிரிண்டுக்கு மாதிரி பார்க்க ஒரு தடித்த புத்தகத்தையும் ஒரு டப்பா பகடையையும் ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுப் பையர் அனுப்பியிருந்தார். சரக்கு கப்பல் ஏறியது, புத்தகம் சாம்பிள் ரூமில் தங்கியது. ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் முருகேஷ் அதை எழுத்துக் கூட்டிப் படித்து, எங்களுக்குத் தமிழில் சொன்னார். ஞாயிறு மதியங்களில் இதே கூடத்தில் நாங்கள் ஆடினோம்.

என்ன விளையாட்டு அது? ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதைக்குள் நடப்பார்கள். குகை வரும், கோட்டை வரும், பூதம் வரும். என்ன செய்கிறாய் என்று கதை நடத்துபவர் கேட்பார். பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். எங்களுக்குக் கதை நடத்தியவள் நான்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு கிளாஸ் உண்டு என்றது புத்தகம். நாங்கள் அதைச் செக்‌ஷன் என்றோம்! போர்வீரன் எந்தக் கவசமும் அணியலாம், எந்த ஆயுதமும் ஏந்தலாம். மந்திரம் மட்டும் வராது. மந்திரவாதிக்கு மந்திரம் வரும், இரும்புச் சட்டை ஆகாது. திருடனுக்குப் பூட்டும் பொறியும் பணியும், நேருக்கு நேர் நின்றால் நொறுங்கிவிடுவான். வைத்தியக்காரி கத்தி எடுக்கக் கூடாது. ஆனால் அவள் கை வைத்தால் காயம் ஆறும், ஒரு நாளைக்கு மூன்று முறை. ஏன் இத்தனை தடை என்று நான் கேட்டேன். “ஒருத்தருக்கு வராதது இன்னொருத்தருக்கு வருமுங்க. அதுக்குத்தானுங்க நாலு பேரு சேந்து போறது” என்றார் முருகேஷ். பிள்ளைகளே, கிளாஸ் விதிகள் அத்தனைக்கும் அந்த ஒரு வரிதான் சாரம்.

அந்தோணிராஜ் போர்வீரனை எடுத்தார். முருகேஷ் திருடனை எடுத்தார். ரோஸ்மேரி வைத்தியக்காரியை எடுத்து, அவளுக்குச் செங்கமலி என்று பெயர் வைத்தாள்.

அடுத்து எண்கள். மூன்று பகடையை ஆறு முறை உருட்ட வேண்டும். விழுந்த ஆறு எண்களை வலிமை, வேகம், உடல் உறுதி, அறிவு, நிதானம், கவர்ச்சி என்று ஆறு குணங்களுக்குப் பங்கிட வேண்டும். சைஸ் சார்ட் தாளின் பின்பக்கத்தில் எல்லோரும் எழுதினோம். எழுதி முடித்துப் பார்த்தால், மேசையில் இருந்த அத்தனை பேரும் ஆகக் குறைந்த எண்ணை ஒரே இடத்தில் போட்டிருந்தோம். எங்கே? சொல்லுங்கள் பார்ப்போம். ஆமாம் தாயே, சரியாகச் சொன்னீர்கள். உடல் உறுதியில்! எத்தனை அடி தாங்கலாம் என்ற உயிர்க் கணக்கே அதிலிருந்துதான் வருகிறது என்று முருகேஷ் தலையில் அடித்துக்கொண்டார். ரோஸ்மேரி கேட்கவில்லை. “ஒடம்பு தானா பாத்துக்கிடும்ணே. நல்ல நம்பரை அதுல கொண்டுபோய் வீணாக்கணுமாக்கும்?” என்றாள். நாங்கள் எல்லோரும் ஆமாம் போட்டோம்.

அதன்பிறகு முருகேஷ் இன்னொரு விதியைப் படித்தார். மூன்று முறை காயம் ஆற்றிய வைத்தியக்காரி, எட்டு மணி நேரம் படுத்து ஓய்வெடுத்தால்தான் சக்தி திரும்பும். எட்டு மணி நேரம்! கூடமே சிரித்தது. அதோ, இப்போதும் அங்கே இருவர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அன்று நானும் சிரித்தேன். சீசனில் காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிஃப்ட் ஓட்டுகிற ஊரில் எட்டு மணி நேரம் யார் படுத்தார்கள்? யாரைப் படுக்க விட்டார்கள்? விதிகளை எழுதி வைத்திருந்த நோட்டில் அந்த வரியை என் பேனாவால் அடித்தேன். அதற்கு மேலே, ‘ஒரு டீ போதும்’ என்று எழுதினேன்.

செங்கமலி ஒன்பது மாதம் தூங்கவில்லை. குகைக்குள் குணமாக்கினாள், கோட்டைக்குள் குணமாக்கினாள், கொட்டும் மழையில் நின்று குணமாக்கினாள். எங்கள் கூட்டத்தில் ஒருவரும் சாகவில்லை. ஜெயித்துக்கொண்டே இருந்தோம். ஜெயிக்க ஜெயிக்க, அந்த விதி தேவையே இல்லை என்று நம்பினோம்.

சென்ற தீபாவளிக்கு முந்தைய ஷிப்மென்ட் நேரம். ஞாயிறு ஆட்டத்தில் ரோஸ்மேரி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். அவள் முறை வந்தபோது என்னைப் பார்த்து, “அக்கா, செங்கமலி ஒரே ஒரு நாள் படுத்து எந்திரிக்கட்டுமாக்கா?” என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “வாசல்ல பூதம் நிக்குது. டீயக் குடிச்சிட்டு எந்திரி” என்றேன். அவள் சிரித்தாள். பகடையை எடுத்து உருட்டினாள்.

அடுத்த நான்கு நாளும் ஒன்றரை ஷிஃப்ட். ஐந்தாம் நாள் விடிய விடிய. காலை ஏழரைக்குக் கம்பெனி வேன் அவளை நல்லூர் நிறுத்தத்தில் இறக்கிவிட்டது. அவள் ரோட்டைக் கடந்தாள். தண்ணீர் லாரி வந்தது. அதை ஓட்டியவர் ஹாரன் அடித்தார், பிரேக் போட்டார். “கண்ணு தொறந்துதானுங்க இருந்துச்சு. என்னையப் பாக்கலீங்க” என்று அவர் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதார். தாய்மார்களே, உங்களில் சிலர் அன்று அங்கே நின்றவர்கள். அவள் மேல் போர்த்தியது உங்களில் ஒருவர் வீட்டுப் போர்வை.

விளையாட்டா அவளைக் கொன்றது? இல்லை. நானா கொன்றேன்? அதுவும் இல்லை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். சூப்பர்வைசரிடம் அவள் ஓய்வு கேட்கவில்லை, கேட்டுப் பயனில்லை. மேனேஜரிடம் கேட்கவில்லை, கேட்க வழியில்லை. இந்த உலகத்தில் அவள் துணிந்து ஓய்வு கேட்ட ஒரே இடம் என் மேசை. அங்கேயும் இல்லை என்று சொன்னவள் நான். பூதம் பொய், கோட்டை பொய். கேட்டவளின் களைப்பு மட்டும் மெய். அது என் கண்ணில் படவில்லை. அந்த வெட்கத்தை இந்த மைக்கில் சொல்லாமல் இறங்கினால் எனக்குச் சோறு இறங்காது.

இன்று ஏன் இதைச் சொல்கிறேன்? எங்கள் தையல் லைனில் எனக்கு முன்னால் இருக்கும் மெஷினில் அந்தோணிராஜ் உட்கார்கிறார். எல்லோரையும்விட அதிக நேரம் உட்கார்கிறார். ஏன் தம்பி என்று கேட்டேன். “வீட்டுக்குப் போனா அவ இல்லைன்னு தெரியுதுக்கா. மெஷின் சத்தத்துல தெரியல” என்றார். நேற்று அவர் கண்ணைப் பார்த்தேன். திறந்துதான் இருந்தது. லாரிக்காரர் சொன்ன அதே கண். ஷிப்மென்ட் போகும்வரை தினமும் ஒன்றரை ஷிஃப்ட் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். தனியாக எழுந்து போகச் சொன்னால் அவர் போகமாட்டார்.

அதனால் கேட்கிறேன். நாளை மாலை ஐந்தரைக்கு, ஒரு ஷிஃப்ட் முடியும் மணி அடித்ததும் நான் எழுவேன். என் லைனின் முப்பத்திரண்டு பேரில் பாதிப் பேர் இங்கே இருக்கிறீர்கள். என்னோடு எழுவீர்களா? மெஷினை நிறுத்துவீர்களா? அத்தனை மெஷினும் நின்றால் அவர் காதிலும் சத்தம் நிற்கும். அவர் அழட்டும், அழுது தூங்கட்டும். நாலு பேர் சேர்ந்து போவது எதற்கு என்று முருகேஷ் சொன்னாரே, அது குகைக்குள் மட்டுமா செல்லும்? பஞ்சுத் தூசி பறக்கும் நம் தையல் கூடத்துக்குள் செல்லாதா?

பிள்ளைகளே, புத்தகத்தையும் பகடையையும் நோட்டையும் தலைவரிடம் கொடுத்துவிட்டேன். நான் அடித்த வரியின் கீழே அதே வரியை மறுபடி எழுதியிருக்கிறேன். உங்கள் குறைந்த எண்ணை எங்கே வேண்டுமானாலும் போடுங்கள், உடம்பில் போடாதீர்கள். உங்கள் வைத்தியக்காரி ஓய்வு கேட்டால், பூதத்தை வாசலில் காக்க வையுங்கள்.

கேட்ட காதுகளுக்கும் கொடுத்த மேடைக்கும் நன்றி. கைதட்ட வேண்டாம். நாற்காலியை இழுக்காமல் எழுந்து போங்கள். மைக்செட் சகோதரரே, பாட்டுப் போட்டுவிடாதீர்கள். அந்தோணிராஜ் இன்னும் தூங்குகிறார். வணக்கத்தையும் மெதுவாகவே சொல்கிறேன்.