பச்சை பட்டன்

ரோமெல்: மீனை எடுத்துக்கோங்கக்கா. ஆறுது.

மெர்லிண்டா: டீம் முழுக்க உக்காந்து ஒண்ணா அள்ளிச் சாப்பிட மேசை நீளத்துக்கு விரிச்ச இலைடா இது. ரெண்டு பேர் எந்தப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்கிறது?

ரோமெல்: நீங்க அந்தக் கோடி, நான் இந்தக் கோடி. நடுவுல சந்திப்போம்.

மெர்லிண்டா: சிரிப்பு வருதா உனக்கு?

ரோமெல்: வேற என்ன செய்ய? சம்பள நாள் சாப்பாடு. கடைக்காரன் திரும்ப எடுத்துக்க மாட்டேன்னுட்டான்.

மெர்லிண்டா: காலையில ஜொவெலின்தான் மேசையைத் துடைச்சு இலை விரிச்சா. யாரும் அவகூட ஒரு வார்த்தை பேசலை. அவ பாட்டுக்கு விரிச்சா. உடனே மானேஜர் ரூமுக்குள்ளே கூப்பிட்டுட்டாங்க.

ரோமெல்: அவளை மட்டுமா? எல்லாரையும்தான்...

மெர்லிண்டா: நம்மளைக் கூப்பிடலையே.

ரோமெல்: ...சோறு இன்னும் கொஞ்சம் தள்ளட்டுமா?

மெர்லிண்டா: பேச்சை மாத்தாதே. பத்து பேரை வீட்டுக்கு அனுப்பிட்டு நம்ம ரெண்டு பேரை மட்டும் எதுக்கு வெச்சிருக்காங்க?

ரோமெல்: நீங்க பதினாலு வருஷமா இருக்கீங்க. சீனியர்.

மெர்லிண்டா: நீ நேத்து வந்தவன்.

ரோமெல்: என்னை அழகுக்காக வெச்சிருப்பாங்க.

மெர்லிண்டா: செருப்பு பிஞ்சிடும்.

ரோமெல்: லிஃப்ட் கிட்ட ஜொவெலினைப் பார்த்தேன்க்கா.

மெர்லிண்டா: பேசினியா?

ரோமெல்: அவளாத்தான் பேசினா. வேலையில ஆர்வம் இல்லைன்னு சொல்லி அனுப்பினாங்களாம். பத்து பேருக்கும் அதே காரணம்தான்.

மெர்லிண்டா: ஆர்வமா? கிறிஸ்துமஸ் டான்ஸுக்கு எல்லாருக்கும் முன்னாடி பேர் கொடுக்கிறவ அவ! ஊர்ல புயல் அடிச்ச அன்னைக்குக் கூட முழங்கால் தண்ணியில நடந்து...

ரோமெல்: அதையெல்லாம் எண்ண மாட்டாங்கக்கா.

மெர்லிண்டா: பின்னே எதை எண்ணுறாங்க?

ரோமெல்: மீன் ஆறிடுச்சுக்கா.

மெர்லிண்டா: கேட்டதுக்குப் பதில் சொல்லுடா.

ரோமெல்: பென்சிலை.

மெர்லிண்டா: எது, நம்ம ஸ்கிரீன்ல இருக்கிற பென்சிலா?

ரோமெல்: ஆமா. ஆஸ்திரேலியாவுல ஒருத்தர் விமான டிக்கெட் பத்திக் கேட்டு எழுதுறார். மெஷின் ஒரு பதில் எழுதி நம்ம முன்னாடி வைக்குது. சரியா இருந்தா பச்சை பட்டன். அப்படியே போயிடும். தப்பா இருந்தா பென்சில், திருத்தி அனுப்பணும். நாம திருத்தினதை அது பிடிச்சு வெச்சுக்கும். அடுத்த ஆளுக்கு அதுவே அழகா எழுதும்.

மெர்லிண்டா: எனக்கே பாடம் எடுக்கிறியா? அது தேறினா நாம தெருவுக்கு வந்துடுவோம்னுதானே எல்லாரும் சத்தியம் பண்ணோம். என்ன உளறினாலும் பென்சிலைத் தொடறதில்லை, பச்சைதான்னு.

ரோமெல்: தொடாதவங்களைத்தான் ஆர்வம் இல்லாதவங்கன்னு கணக்குப் போட்டிருக்காங்க. ஜொவெலின் ஒரு தடவை கூடத் திருத்தலையாம்.

மெர்லிண்டா: ஒரு தடவை கூடவா...

ரோமெல்: ஒண்ணு கூட இல்லை.

மெர்லிண்டா: அய்யோ. அவதான் திருத்துறான்னு முடிவு கட்டி, மூணு வாரமா ஒருத்தரும் அவகூடச் சாப்பிடலையேடா.

ரோமெல்: சாவு வீட்டுக்குப் போறவங்களுக்கு மெஷின் திடீர்னு ஆறுதல் சொல்ல ஆரம்பிச்சுதே. அவ்வளவு பதமா எழுத அவளாலதான் முடியும்னு...

மெர்லிண்டா: யார் முதல்ல சொன்னது?

ரோமெல்: எல்லாரும் சொன்னோம்.

மெர்லிண்டா: பாத்ரூம்ல வந்து கேட்டா. 'நான் என்ன தப்பு பண்ணேன்க்கா?'ன்னு.

ரோமெல்: நீங்க என்ன சொன்னீங்க?

மெர்லிண்டா: கையைக் கழுவிட்டு வந்துட்டேன். அவ புருஷனுக்கு இந்த வருஷம் கப்பல் வேலை கிடைக்கலை. ரெண்டு பிள்ளைங்க. அந்த போனை எடு. கூப்பிட்டு மன்னிப்பு கேக்கறேன்.

ரோமெல்: வேண்டாம்க்கா.

மெர்லிண்டா: ஏன் வேண்டாம்?

ரோமெல்: கூப்பிட்டா, 'நான் இல்லைன்னா பின்னே யார்?'னு கேப்பா.

மெர்லிண்டா: கேக்கட்டுமே.

ரோமெல்: என்ன பதில் சொல்வீங்க? போன பத்து பேரும் தொடலை. மிச்சம் இருக்கிறது...

மெர்லிண்டா: சொல்லு, சொல்லு.

ரோமெல்: நீங்க முதல்ல சொல்லுங்க.

மெர்லிண்டா: ...ஆஸ்திரேலியாவுல பெர்த் ஊர்லேர்ந்து ஒருத்தர். அப்பா செத்துட்டார், இன்னிக்கே போகணும்னு எழுதுறார். மெஷின் என்ன எழுதி வெச்சிருக்கு தெரியுமா? 'உங்கள் விடுமுறை இனிதாக அமையட்டும்.' பச்சைக்கு மேல விரலை வெச்சேன். அமுங்கலைடா.

ரோமெல்: அந்த ஒண்ணுதானா?

மெர்லிண்டா: அப்புறம் கண்ணு சும்மா இருக்குமா? பெட்டி தொலைச்சவன், கைக்குழந்தையோட விமானத்தைத் தவற விட்டவ... ஒவ்வொண்ணும் உறுத்துச்சு. தெரிஞ்சே மட்டமா வேலை செய்ய எனக்குக் கை வரலை. நீ?

ரோமெல்: நானும் அப்படித்தான்க்கா. மனசு கேக்கலை.

மெர்லிண்டா: புளுகாதே. பயணி பேரையே தப்பா எழுதி அனுப்பிட்டு டீ குடிக்கப் போறவன் நீ.

ரோமெல்: மனுஷன் மாறக் கூடாதா?

மெர்லிண்டா: நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லு.

ரோமெல்: பென்சிலை எண்ணப் போறாங்கன்னு எனக்கு முதல்லேயே தெரியும். மெஷின் வந்த அன்னைக்கே மானேஜர் சொல்லிட்டார். மத்தவங்க கணக்கு என்னைவிட ஏறிடக் கூடாதேன்னுதான் எல்லாரையும் கூட்டிச் சத்தியம் பண்ண வெச்சேன். அறையணும்னா அறைஞ்சுடுங்க. 'உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன், ரோமெல்'னார்.

மெர்லிண்டா: ...என்கிட்டயும் அப்படித்தான்டா சொன்னார். அதான் நீ சத்தியம்னு கூட்டினப்போ முதல் ஆளா கையை நீட்டினேன்.