கதவு ஏன் திறக்கவில்லை?

தலைமை நாற்காலியில் ஆள் இருக்கிறாரா? இருக்கிறார். ஆகவே, அவைக்குத் தலைமையேற்றிருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே! வலப்புறம் விருந்தினர் இருக்கிறாரா? இருக்கிறார். ஆகவே, போன வாரம் எங்கள் கணினி விளையாட்டை ஆடிப் பார்த்து அலுத்துப்போன ஐயா அவர்களே! முன்வரிசைப் பெரியோர்களே, அன்பே உருவான அன்னையர்களே, பின்வரிசையில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கும் அண்ணன்மார்களே! அனைவருக்கும், குண்டூசி என்று எல்லோரும் கூப்பிடும் என் வணக்கம்.

ஆள் இருக்கிறாரா என்று பார்த்துப் பார்த்து அழைக்கிறாளே, இவளுக்கு என்ன ஆயிற்று என்கிறீர்களா? அப்படிப் பார்க்காமல் விட்டதற்குத்தான் என்னை இங்கே மன்னிப்புக் கேட்க ஏற்றியிருக்கிறார்கள். கேட்காவிட்டால் கணினி மன்றத்தில் எனக்கு இடமில்லை.

விளையாட்டுக்குள் கதவு, விளக்கு, எதிரி எல்லாமே பொருள்கள். ‘விளக்கே, எரி’ என்று கணினிக்குக் கட்டளையாக நிரல் எழுதினால் எரியும். விளக்கே இல்லையென்றால்? அதற்கு ‘நல்’ என்று பெயர். நம் மொழியில் நல் என்றால் நல்லது. கணினியில் நல் என்றால் ஒன்றுமே இல்லாதது! இல்லாததிடம் வேலை சொன்னால் நிரல் அந்த வரியிலேயே நின்றுவிடும். அதனால் ‘இருக்கிறாயா?’ என்று கேட்டுவிட்டுத்தான் ஏவ வேண்டும்.

நான் கேட்கவில்லையா? வாளைக் கேட்டேன். வௌவாலைக் கேட்டேன். ஒரே அடியில் உடையும் ஓட்டைப் பானையைக்கூடக் கேட்டேன்! விட்டது ஒன்றே ஒன்று. ஆட்டத்தின் முடிவில் அதை உருவாக்கிய எங்கள் ஐவரின் பெயர்களும் ஒளிர வேண்டும். பிறகு கடைசிக் கதவு திறக்க வேண்டும். நான்கு பெயர்கள் ஒளிர்ந்தன. ஐந்தாவதில் நிரல் நின்றது. ஐயா திறக்காத கதவை முட்டிக்கொண்டே இருந்தார். அரங்கமே சிரித்தது.

ஐந்தாவது பெயர் எது? குண்டூசி!

கேப்டன் என்று நாங்கள் அழைக்கும் குழுத் தலைவரைக் கேட்டேன்.

“ஸ்க்ரீன்ல இடம் பத்தல, தூக்கிட்டேன். கதவு, பானைக்குத்தானே நீ எழுதுன?”

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல அண்ணா?”

“உன் பேர எடுக்குறதுக்கு ஊரக் கூட்டிச் சொல்லணுமா?”

கணினி ஆசிரியரிடம் ஓடினேன்.

“அவன் எடுத்தது இருக்கட்டும்மா. நீ ஏன் செக் பண்ணல? மன்னிப்புக் கேட்டுட்டு, அந்த ஒரு வரியச் சேத்துடு.”

பானை உடையும் என்று தெரியும், கேட்டேன். வௌவால் சாகும் என்று தெரியும், கேட்டேன். ஆறு மாதம் கூடவே உட்கார்ந்து உழைத்தவளின் பெயரைச் சத்தமில்லாமல் அழிப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அழித்த கை கைதட்டல் வாங்கும். நம்பிய கை மன்னிப்பு எழுதுமா? இது நியாயமா? அன்னையர்களே, இது அடுக்குமா?

“உக்காரு குண்டூசி!” என்கிறீர்களா? உட்காரத்தான் ஆசை. ஆனால் முடித்துவிட்டே உட்காருவேன்.

கதவில் முட்டிய ஐயாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அவரிடம் மட்டும்! அந்த ஒரு வரியையோ நான் எழுத மாட்டேன். ஏன் தெரியுமா? எழுதினால், என் பெயர் இல்லாமலே கதவு திறந்துவிடும். இல்லை என்பதே எவருக்கும் தெரியாது. கதவு திறக்க வேண்டுமா? பெயரைத் திரும்ப வையுங்கள். அது தானே திறக்கும்.

இவ்வளவு நேரம் பொறுத்துக்கொண்ட உங்களுக்கு நன்றி. போகும் முன் ஒரே ஒரு சோதனை: குண்டூசி இருக்கிறாளா?

இருக்கிறாள். வணக்கம்.