யாரால் வந்தது என்று ஒரு வரி

— இன்னுமா அந்தத் திரையையே வெறிச்சுக்கிட்டிருக்க, தம்பி? காலையில துணி காயப்போட வந்தப்பவும் இதே ஜன்னல், இதே மூஞ்சி.

— வேலை முடியலக்கா.

— எனக்கென்ன வந்துச்சு, சும்மா கேட்டேன். அப்படியென்ன வேலை?

— ஆஸ்பத்திரியில கட்டில் பக்கத்துல மானிட்டர் இருக்கும்ல, அதுக்கு அஸ்திவாரமா ஒரு நிரல். கெர்னல்னு பேரு. அதுல மெமரி கசியுது.

— கசியுதுன்னா? ஒழுகுதா?

— அய்யோ இல்லக்கா. நோயாளி விரல்ல மாட்டின ஒயர் நழுவிட்டா, நிரல் செஞ்சுக்கிட்டிருந்த வேலையப் பாதியில விட்டுட்டு வெளிய வரணும். வரும்போது எடுத்த மெமரியத் திருப்பிக் கொடுக்கணும். கொடுக்காமலே வந்துடுது. தடவைக்குக் கொஞ்சம்னு போய், பத்து நாள்ல மெஷினே உறைஞ்சு நின்னுடுது.

— எங்க நாத்தனார்னு சொல்லு. கோவிச்சுக்கிட்டுப் பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சுப் போறப்பல்லாம் என் கிண்ணம் ஒண்ணும் கூடவே போகும். அலமாரியில இப்ப ரெண்டுதான் மிச்சம்.

— அதேதான்.

— சரி பண்ணத் தெரியலையா?

— பண்ணியாச்சு. மூணே வரி. ஒன்பது மணிக்கே முடிஞ்சுது.

— பின்ன சாயங்காலம் வரைக்கும் என்ன தவம்?

— திருத்தத்த ஆபீஸுக்கு அனுப்பும்போது கீழ ஒரு வரி எழுதணும்க்கா. இந்தக் கோளாறு யார் செஞ்ச எந்த மாற்றத்தால வந்துச்சுன்னு.

— கீழ் வீட்டுப் பொண்ணாலதானே? இதச் சொல்லித்தானே உங்க ஆபீஸ்ல அவள வீட்டுக்கு அனுப்பினாங்க?

— கடைசியா அதைத் தொட்டவ அவ. அவ தலையில கட்டிட்டாங்க. எந்த வரிய யார் எப்ப எழுதினாங்கன்னு இருக்கிற பழைய பதிவை யாரும் தோண்டல. நானே இன்னிக்குத்தான் பார்த்தேன்.

— யார் பேரு இருக்கு?

— என் பேருதான்க்கா. ஆறு வருஷத்துக்கு முன்னாடி எழுதினது.

— ம்.

— அந்த வரிய எழுதினா என்னையும் அனுப்பிடுவாங்க. உள்ள தொட்டில்ல கைக்குழந்தை. எழுதலன்னா அவளுக்கு எங்கயும் வேலை கிடைக்காது. அசதியா இருக்குக்கா. நீங்க தயவுசெஞ்சு இத அவகிட்டச் சொல்லிடாதீங்க. உங்க வாயி...

— என் வாய்க்கென்ன? அவ அன்னிக்கே தோண்டிப் பார்த்துட்டா. என் அடுப்படியிலதான் உட்கார்ந்து அழுதா. உன் பொண்டாட்டி பிரசவத்துக்குப் போயிருந்த நேரம். ‘இப்ப வேணாம்க்கா, அவரே ஒரு நாள் பார்ப்பாரு’ன்னா. ரெண்டு மாசமா இந்த வாயி அதத்தான் மூடி வச்சிருக்கு.