கணுக்காலில் தொடங்கி மூளைவரை

தலைமையேற்று அமர்ந்திருக்கும் முகத்துவாரக்குப்பத்தின் தலைவர் ஜெகதீசன் அவர்களே! கடலைக் கலக்கிக் கரைசேரும் பெரியோர்களே! கூடையைச் சுமந்து குடும்பத்தையும் சுமக்கும் தாய்மார்களே! வணக்கம். கைதட்ட வேண்டாம், இது இரங்கல் கூட்டம்.

நான் பவானி. திருவொற்றியூர்ப் பள்ளியொன்றில் உயிரியல் நடத்துகிறேன். இதோ, படத்தில் மாலையோடு இருக்கும் கன்னியம்மா என் அண்ணன் ராமதாஸின் மனைவி.

மீன் விற்றுத் திரும்பிய அண்ணியின் கணுக்காலை ஒரு நாய் கவ்வியது. அலட்சியமாக இருந்தாரா? இல்லை. சோப்புப் போட்டுக் கழுவினார். அன்றே சுகாதார நிலையத்துக்குப் போனார்; நாய்க்கடி ஊசி தீர்ந்துவிட்டது என்றார்கள். மறுநாள் போனார், இன்னும் வரவில்லை என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். நேரமாகிவிட்டது, நாளைக்கு வா என்றார்கள். இப்படி அலைந்ததிலேயே நாட்கள் போயின; புண்ணும் ஆறியது. “ஆறிப்பூட்சு, இனிமே இன்னாத்துக்கு அலையணும்?” என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கினார். வெளியூரில் பயிற்சியில் இருந்த என் காதுக்கு இது எட்டவேயில்லை.

ஆறியது தோல்! உள்ளே நடந்தது என்ன?

கடித்தது காலில், கெட்டது எப்படி மூளை என்று முன்வரிசையில் கேட்கிறார்கள். சொல்கிறேன் அக்கா. கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் புரத இழைகளால் ஆன ஓர் எலும்புக்கூடு உண்டு. அதில் நுண்குழாய்கள் தண்டவாளம்போல் நீண்டு கிடக்கின்றன. சுமைதூக்கும் புரதங்கள் அவற்றின்மேல் நடந்து, வேண்டியதை வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோகின்றன. வெறிநாய் எச்சிலில் வந்த வைரசுக்குக் காலுமில்லை, துடுப்புமில்லை. நரம்பின் நுனிக்குள் நுழைந்து, அப்படியொரு புரதத்தில் தொற்றிக்கொண்டது. அண்ணியின் உடம்பே அதற்குப் பாதை தந்தது! அண்ணியின் உடம்பே அதைச் சுமந்தது! முதுகுத்தண்டில் ஏற்றியது! மூளையில் இறக்கியது!

ஆனால் மெல்லத்தான் போனது, தாய்மார்களே. வாரக்கணக்கில் போனது. உடனே ஊசி போட்டிருந்தால் தடுத்திருக்கலாம். வைரஸ் தந்த அவகாசத்தை வரிசையில் நின்றே தொலைத்தோம்!

ஒருநாள் அந்தத் தழும்பில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறதென்றார். பிறகு காய்ச்சல். பிறகு தம்ளர் தண்ணீரைக் கண்டு நடுங்கினார். செய்தி கேட்டு ஓடிவந்த எனக்கு, பார்த்ததும் புரிந்தது. புரிந்து என்ன பயன்? அந்த நோய் தலைகாட்டிய பிறகு காப்பாற்ற வழியில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, “தாகமா கீது பவானி, முழுங்க முடியல” என்றார். அதன்பின் அவர் தெளிவாகப் பேசவில்லை.

அடக்கம் முடித்து வந்தால், வாசலில் சுகாதார வண்டி. நோயாளிக்குப் பணிவிடை செய்த எங்களுக்கு ஊசி போட வேண்டுமாம். குளிர்ப்பெட்டி நிறைய மருந்து! அண்ணன் மறுக்கவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டே, ஊசி போட்ட பெண்ணிடம் மெதுவாகக் கேட்டார்: “இன்னிக்கி எங்க வூடு தெரிஞ்சிது. அன்னிக்கி எங்க பூட்டீங்கம்மா?”

அந்தப் பெண் அழுதுவிட்டாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. அவளை வெறுங்கையோடு உட்காரவைத்தவர்கள்மேல் கோபம்! உயிரோடு இருந்தவளுக்கு ஒளித்து, செத்தபிறகு அள்ளிக்கொடுத்தவர்கள்மேல் கோபம்!

எனக்கு இன்னும் ஒரு தவணை ஊசி பாக்கி. நாளைக் காலை சுகாதார நிலையம் போகிறேன். இருந்தால் போட்டுக்கொள்வேன். இல்லை என்றால், வரும்வரை வாசலிலேயே உட்காருவேன். அண்ணி தனியாகப் போய்த் தனியாகத் திரும்பினார்; என்னைத் தனியாக அனுப்பாதீர்கள்.

பேசப் பணித்த தலைவருக்கும், கண்ணீரோடு கேட்ட உங்களுக்கும் நன்றி. காலையில் சந்திப்போம். வணக்கம்.