பார்க்காமலே சேர்த்துக்கொள்ளும் கல்லூரி

"அந்த ரெண்டு காலேஜையும் லிஸ்ட்லேருந்து தூக்கிட்டேம்மா. அங்க உனக்கு ஈஸியாக் கிடைச்சிடும்" என்றார் அப்பா.

துபாய் மெட்ரோவில் அவரும் மகளும் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவர் கழுத்தில் தொங்கிய அட்டை, அவரை ஒரு கட்டுமானக் கம்பெனியின் சேஃப்டி ஆபீசர் என்றது. மகள் பள்ளிச் சீருடையில் இருந்தாள். பாட்டும் ஆட்டமும் நடிப்பும் சேர்ந்த மியூசிக்கல் தியேட்டர் படிப்புக்கு, இங்கிலாந்தில் எங்கெங்கே விண்ணப்பிப்பது என்பதுதான் பேச்சு.

"கிடைக்கும்னுதானேப்பா அதைப் போட்டேன்! மத்ததெல்லாம் ரொம்ப டஃப்."

"அவங்க ஆடிஷனே வைக்கல. மார்க்கை மட்டும் பாத்து சீட் குடுக்கறாங்க. நீ பாடறதைக் கேக்காம, ஆடறதைப் பாக்காம எடுத்துக்கற இடத்துக்கு நீ எதுக்குப் போகணும்?"

என்னையும் என் கல்லூரி பார்க்காமல்தான் சேர்த்துக்கொண்டது. பார்த்திருந்தால் கொஞ்சம் யோசித்திருக்கும்.

"நீங்க சேஃப்டி ஆபீசர்ப்பா! சைட்ல பெல்ட் போடாம யாரையாவது மேல ஏற விடுவீங்களா?"

"அவங்க விழுவாங்க. நீ எங்க விழப்போற? ஸ்கூல் ஸ்டேஜ்ல நீ பாடினப்ப, கேட்ல இருந்த வாட்ச்மேன் பாய் கேட்டை விட்டுட்டு உள்ள வந்து நின்னாரு. நான் பாத்தேன்."

மகள் சிரித்தாள். உடனே முகம் மாறியது.

"எங்கயுமே கிடைக்கலன்னா?"

அவர் ஒரு ஸ்டேஷன் தூரம் யோசித்தார்.

"அடுத்த வருஷம் திரும்பப் போய்ப் பாடிக் காட்டு. பாவம், அவங்களுக்கும் இன்னொரு சான்ஸ் குடுக்கணும்ல?"