ஒரு வேளைகூடத் தவறவில்லை

இந்த ஸ்டேஷன் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. காகிதத்தை நாலாக மடித்து அடியில் செருகினால் ஆடாது, ஆய்வாளரம்மா. முப்பது வருடம் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தவள் நான். ஆட்டம் இருந்தால் கை மட்டுமல்ல, பேச்சும் கோணும். இப்போது சரி. நடுவில் உங்களுக்குப் பசித்தால் சொல்லுங்கள், நிறுத்திக்கொள்கிறேன்.

என் மகளுக்குப் பதினாறு வயது. அவள் செய்த மாத்திரைப் பெட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அவள் அப்பா லேத் பட்டறைக்காரர். இதயம் பலவீனமாகி வீட்டோடு இருந்தார். ஒருநாள் மாத்திரையை மறந்து குளியலறையில் விழுந்துவிட்டார். அன்றைக்கு மகள் பிடித்த பிடிதான். ஆறு மாதத்தில் பெட்டி தயார். நேரம் வந்தால் மணியடிக்கும்; மூடியைத் திறந்தால் நிற்கும். எத்தனை வேளை தவறியது என்று முகப்பில் எண் காட்டும்.

அந்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சி பள்ளிப் பிள்ளைகளுக்கான தொழில் போட்டி. வெள்ளிக்கிழமைதோறும் மக்கள் வாக்குப் போடுவார்கள், ஒரு பிள்ளை வெளியேறும். ஜெயித்தால் தொழில் வைத்துத் தருவார்கள். தேர்வான அன்றே இவர் அவளை முதலாளி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். "முதலாளி, இந்தத் தொழிலாளிக்கு ஒரு டீ கிடைக்குமா?" என்பார். அவளும் விடமாட்டாள். "போன வாரமே உங்களை வேலையை விட்டுத் தூக்கியாச்சுப்பா" என்பாள்.

நான்காம் வாரம் நூலிழையில் தப்பினாள். மறுநாள் நிகழ்ச்சிக்குக் கதை எழுதும் தம்பி வீட்டைப் படமெடுக்க வந்தார். இவர் பனியனோடு பக்கத்து வீட்டு சைக்கிளைப் பிரித்துப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தத் தம்பி என்னைத் தனியே கூப்பிட்டு, "அக்கா, ஐயா ரொம்ப நல்லா இருக்காரே. இப்படி இருந்தா பெட்டி எதுக்குன்னு ஜனங்க கேப்பாங்க" என்றார். நல்ல பிள்ளை. தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. தைக்கிறவளுக்குத் தெரியும், துணி போதவில்லை என்றால் வேறெங்கோ பிடித்துத்தான் ஆக வேண்டும்.

காலையில் போடும் வெள்ளை மாத்திரை ஒன்றை மட்டும்தான் மாற்றினேன். அதுவும் முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள். மணியடித்ததும் மூடியைத் திறப்பேன், மாத்திரையை எடுத்துக்கொள்வேன், அதே அளவில் ஒரு குளுக்கோஸ் வில்லையைக் கையில் வைப்பேன். அவர் எதையும் பார்த்து விழுங்குகிறவரில்லை. ஒருநாள் மட்டும், "இந்த வெள்ளை மாத்திரை இப்பல்லாம் இனிக்குதே" என்றார். நான் தண்ணீர் டம்ளரை நீட்டினேன். "நீ குடுக்கிறதால இனிக்குதோ என்னவோ" என்று சிரித்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

அடுத்த முறை படமெடுக்க வந்தபோது அவருக்குக் கால் வீங்கியிருந்தது. கட்டிலிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் இரண்டு தடவை சுவரைப் பிடித்தார். மகள் கேமராவை மறந்து அழுதாள். அந்த வெள்ளிக்கிழமை அவளுக்குத்தான் வாக்கு அதிகம்.

மருத்துவர் கேட்டார், மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா என்று. மகள் பெட்டியை அவர் மேசைமேல் வைத்தாள். "ஒரு வேளைகூட விடல டாக்டர். அப்பா மறந்தாலும் இது மறக்காது." தவறியவை பூஜ்யம். அவர் வேறென்ன செய்வார், பாவம். வேறு ஏதோ புதிதாக எழுதிக் கொடுத்தார். மூடியைத் திறப்பவர் கையை அந்தப் பெட்டி பார்க்காது. அதை அவள் யோசிக்கவில்லை. எப்படி யோசிப்பாள், திறப்பது அம்மாவாயிற்றே.

இறுதிச் சுற்று வெள்ளிக்கிழமை என்றார்கள். சனிக்கிழமை காலை முதல் வெள்ளை மாத்திரையைத் தவறாமல் கொடுப்பதென்று வைத்திருந்தேன். கேட்டுக்கொள்ளுங்கள், நாள்கூடக் குறித்திருந்தேன். ஆனால் நடுவர் ஒருவர் வெளிநாடு போய்விட்டாராம். ஒன்பது நாள் தள்ளிப்போட்டார்கள். அதற்குள் அவர் தேறி எழுந்து சைக்கிள் பிரிக்கப் போய்விட்டால் இத்தனை நாள் அவர் பட்டதெல்லாம் வீண்தானே. அதனால் தினமும் எடுத்தேன். எட்டாம் நாள் காலை மணியடித்தது. நான் மூடியைத் திறந்தேன். அவர் கை நீட்டவில்லை.

அப்பாவை எடுத்த கையோடு போட்டிக்குப் போகமாட்டேன் என்றாள் அவள். அப்பாவின் ஆசை என்று நான்தான் அனுப்பினேன். மேடையில் பெட்டியை வைத்து, "எங்கப்பா ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை" என்றாள். அரங்கமே எழுந்து நின்றது. ஜெயித்தாள்.

எடுத்த மாத்திரைகளை எறிந்திருக்கலாம். மருந்தைக் குப்பையில் போட எனக்குக் கை வராது, ஆய்வாளரம்மா. பொத்தான் டப்பாவில் போட்டு வைத்தேன். இன்று காலை சட்டைக்குப் பொத்தான் தைக்க அவள் அதைத் திறந்தாள். இருபத்தேழு இருந்தன. ஒவ்வொன்றாகப் பெட்டியின் அறைகளில் நிரப்பினாள், மிச்சத்தைக் கைக்குட்டையில் முடிந்தாள், நேராக உங்களிடம் வந்துவிட்டாள்.

ஆமாம், நான்தான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். அவள் இன்னும் வெளியே பெஞ்சில்தான் இருக்கிறாளா? காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கமாட்டாள். வாசலில் கேமராக்காரர்கள் நிற்கிறார்கள் என்றீர்கள். இப்போதுதான் தொழில் தொடங்கப் போகிற பிள்ளை. வெளியே போகும்போது அவள் அழுதால், முகத்தைத் துடைத்துவிடாதீர்கள்.