ஒரு காளையின் ஓட்டத்தை ரத்து செய்தது குறித்து

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 1.40 மணி. அதுவரை ஓடிய காளைகள் 186. நான் ரத்து செய்த ஓட்டம் ஒன்று. அந்த ஒன்றைப் பற்றித்தான் இந்தக் காவல் நிலைய விசாரணை என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் மாறன், வயது 26, த/பெ சுப்பிரமணி. திருவண்ணாமலை செங்கம் சாலையில் வாடகை அறையில் குடியிருக்கிறேன். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவன். தங்கும் விடுதிகளுக்குக் கேமரா பொருத்துவது தொழில். தை, மாசியில் காளை விடும் விழாக்களுக்கு நேரக் கணிப்பாளராகப் போகிறேன். எந்த மாட்டுக்கும் அது ஓடாத நேரத்தை நான் இதுவரை கொடுத்ததில்லை.

மேற்படி நாளில் கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஊர் ஒன்றில் விழா நடந்தது. காளைகளை ஒவ்வொன்றாகத் தெருவில் அவிழ்த்து விடுவார்கள், குறைந்த நேரத்தில் எல்லையைத் தாண்டும் காளைக்கு மோட்டார் சைக்கிள் பரிசு. தொடக்கத்திலும் எல்லையிலும் கம்பம் நட்டு, தெருவின் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர் விட்டிருந்தேன். கதிர் அறுபட்டதும் கம்பத்தோடு இணைத்த பெட்டி நேரத்தைப் பதியும், முதலில் அறுபட்ட நேரம் போர்டில் தெரியும். எல்லையில் மட்டும் இரண்டு கதிர்கள், மாட்டின் திமில் உயரத்தில் ஒன்று, கால் உயரத்தில் ஒன்று. மாடு தாண்டினால் இரண்டும் ஒன்றாக அறுபடும். ஆள் குறுக்கிட்டால் அந்த ஓட்டம் செல்லாது என்று காலையிலேயே மைக்கில் மூன்று முறை சொன்னோம்.

அதன் பின் மேற்படி நேரத்தில் சக்கரபாணி என்பவரின் காளை வந்தது. அவர் என் அக்கா தமிழ்செல்வியின் கணவர். காளை எல்லைக்கு வருவதற்கு முன்பே அவருடைய அண்ணன் மகன் வல்லரசு தடுப்புக் கட்டையில் ஏறி, சந்தோஷத்தில் தோள் துண்டை எடுத்துத் தெருப்பக்கம் வீசிச் சுழற்றினார். மேல் கதிர் 8.71 வினாடியில் அறுபட்டது, கீழ் கதிர் 10.06 வினாடியில். ஓடுகிற மாட்டின் திமிலும் காலும் அவ்வளவு இடைவெளியில் வராது. முன்னால் வந்தது துண்டு. வல்லரசு வேண்டுமென்று செய்தார் என்று நான் சொல்லவில்லை. செய்தார், அவ்வளவுதான். கீழ் கதிரின் கணக்கைப் பார்த்தாலும் அந்தக் காளைக்கு முதலிடம் கிடையாது, 9.88 ஓடிய மாடு ஏற்கெனவே இருந்தது.

அதன் பின் ஓட்டம் செல்லாது என்று நானே மைக்கில் அறிவித்தேன். சக்கரபாணி மேடைக்கு ஏறி வந்தார்.

"டேய் மச்சான், எட்டு செகண்டுனு போர்டுலயே வந்துச்சு. நீ யாருடா இல்லன்றதுக்கு?"

"வந்தது துண்டு, மாமா. மாடு பின்னாலதான் வந்துச்சு."

"ஊருக்கே டைம் போடுற, அக்கா ஊட்டு மாட்டுக்கு மட்டும் கை வரலையா?"

"துண்டுக்குப் பரிசு இல்ல மாமா, எறங்குங்க."

கூட்டம் சிரித்துவிட்டது. நான் அப்படிப் பேசியிருக்க வேண்டாம் என்று உதவி ஆய்வாளர் சொல்கிறார். இருக்கலாம். பேசினேன். அதன் பின் வல்லரசு எல்லைக் கம்பத்தை உதைத்துச் சாய்த்துவிட்டு வந்து என் வாயில் குத்தினார். உதட்டில் இரண்டு தையல். சக்கரபாணி என் மேல் கை வைக்கவில்லை.

அதன் பின் விழாக்குழுத் தலைவர் இராமலிங்கம் என்னைத் தனியே அழைத்து, "தம்பி, பொழுது போவுது. சொந்தத்துக்குள்ள எதுக்கு ரோதனை? குடுத்துட்டுப் போலாமே" என்றார். நேரக் கணிப்பாளர் கையெழுத்து இல்லாமல் பரிசு கொடுக்க முடியாது, நான் போட மாட்டேன் என்றேன். உதட்டில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டே இன்னொரு கம்பம் நட்டு, மிச்சம் இருந்த காளைகளையும் ஓடவிட்டேன். கடைசி வரை 9.88 நின்றது. அந்தக் காளையின் உரிமையாளர் கஸ்தூரி என்ற அம்மாவுக்கு மோட்டார் சைக்கிள் போனது. அவரை எனக்கு முன்பின் தெரியாது.

அன்று மாலை அக்கா போன் செய்தார். அடுத்த மாதம் அவர் மகள் இனியாவுக்குக் காது குத்து. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் நான். நான் வரக்கூடாது என்று மாமா சொல்லிவிட்டதாக அழுதார்.

"மெஷின் கோளாறுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடேன்டா. உனுக்கு இன்னா கொறஞ்சிடப் போவுது?"

"மெஷின் கோளாறுன்னா காலையிலேர்ந்து ஓடின அத்தினி மாட்டோட டைமும் பொய்யாயிடும்க்கா."

"அத்தினி மாடும் உன் அக்காவா?"

நான் போனை வைத்துவிட்டேன்.

இன்று காலை, நான் முன்விரோதத்தில் இயந்திரத்தைத் தவறாக வைத்தேன் என்று சக்கரபாணி மனு கொடுத்திருப்பதாக அழைக்கப்பட்டு நிலையத்துக்கு வந்தேன். இயந்திரக் கோளாறு என்று எழுதினால் இரு தரப்பும் சமாதானமாகப் போகலாம் என்றார்கள். கோளாறு இல்லை. 'வருந்துகிறேன்' என்றாவது சேர்க்கலாமா என்று உதவி ஆய்வாளர் கேட்டார். வேண்டாம் என்றேன். இனி நான் செய்யப் போவது:

1. வல்லரசு மீது புகார் கொடுக்கப் போவதில்லை. அவர் சாய்த்த கம்பத்தை நானே சரிசெய்துகொள்வேன்.

2. எல்லைக் கம்பத்தைச் சுற்றி ஆள் கை எட்டாதபடி வலை கட்டுவேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

3. வரும் ஞாயிறு அடுத்த விழாவுக்கும் நான்தான் நேரக் கணிப்பாளர். சக்கரபாணியின் காளையும் பதிவாகியிருக்கிறது. அதற்காக நான் விலக மாட்டேன். எட்டு வினாடியில் ஓடினால் எட்டு என்று நானே மைக்கில் கத்துவேன்.

4. காது குத்தன்று வேட்டி கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போவேன். என் அக்காவுக்கு நான் ஒரே தம்பி. மணையில் போய் உட்காருவேன். எழுந்திரு என்று சொல்வதானால் மாமா அத்தனை பேர் முன்னால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

இதை எழுதிய காவலர் எனக்குப் படித்துக் காட்டினார், நானும் ஒருமுறை படித்தேன். நடந்தது இதுதான், நான் சொன்னதும் இதுதான். யாரும் சொல்லிக் கொடுத்து எழுதியதல்ல.

(ஒப்பம்) சு. மாறன்
10.02.2025